கதிரையின் மேல் போட்ட பழி

போன மாதம் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்க்க மிசிசாகாவில் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன். உள்ளே நாற்பது அடி மோட்டர் ஹோம் ஒன்று நின்றது. அதன் ஸ்லைட் அறை பாதியில் சிக்கிக் கிடந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், கணினியை இணைத்தார், திரையைப் பார்த்தார், புது மோட்டருக்கு ஓடர் போட்டார். வண்டியைச் சுற்றி ஒரு தரம்கூட நடக்கவில்லை. உள்ளே துடைத்துக்கொண்டிருந்த பெண் ஏதோ சொல்ல வந்தார். நம்மவர் நிமிர்ந்தும் பாராமல் கையை மட்டும் காட்டிப் பிறகு என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வெளியே வந்து காருக்குள் பத்து நிமிடம் இருந்து ஆற வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்றவனுக்கு என்ன கோபம் என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இளைஞர் செய்ததையே தொண்ணூறுகளின் கடைசியில் நான் செய்தேன். அதற்குரிய தண்டனை வேறு ஒருவருக்குக் கிடைத்தது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வயர் எந்த நிறம், எந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. அங்கே படியுங்கள். கைநூலில் இல்லாததை நான் சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். மோட்டர் ஹோமின் பக்கச்சுவரில் ஒரு பகுதி, சோபாவும் சாப்பாட்டு மேசையுமாக, பொத்தானை அமுக்கினால் வெளியே நகரும். வண்டி ஓடும்போது அது உள்ளே இருக்கும். நிறுத்திய இடத்தில் வெளியே தள்ளினால் வரவேற்பறை இரண்டு மடங்காகும். அதுதான் ஸ்லைட் அறை. மேசை லாச்சியை, அதுதான் இழுப்பறையை, ஒரு பக்கமாக இழுத்துப் பாருங்கள். கோணலாகி இறுகும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். ஸ்லைட் அறையும் அப்படித்தான். முன் பக்கமும் பின் பக்கமும் ஒரே அளவில் நகர வேண்டும். லாச்சி இறுகினால் கை உணரும், விட்டுவிடுவோம். பொத்தானை அமுக்கும் விரலுக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் கராஜ் விமான நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. நான் சொந்த நாட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன். இங்கே வந்து பாத்திரம் கழுவி, லொறி கழுவி, கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். ஐந்தாவது வருடத்தில் மூத்த மெக்கானிக் என்று சட்டையில் பெயர் தைத்துத் தந்தார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிக்கரிங்கில் வாங்கிய புது வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பியவன் நான். எவ்வளவு பெரிய ஆள் என்ற நினைப்பு இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனேஜர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். கெட்டவர் என்று எழுதினால் எனக்குச் சுகமாக இருக்கும். கிறிஸ்மஸுக்கு எல்லோருக்கும் வான்கோழி வாங்கித் தருவார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பூவோடு வந்தார். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் நின்றுவிட்டால் அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்றும் இருக்காது. ஸ்லைட் அசையவில்லையா, மோட்டர் போய்விட்டது என்பார். ஒரு கிழமையில், ஏழே நாளில், மூன்று வண்டிகளுக்கு மோட்டர் மாற்றினோம். மூன்றிலும் பழைய மோட்டர் நன்றாகத்தான் இருந்தது, பற்றரிதான் செத்துக் கிடந்தது. நான் போய்ச் சொன்னேன். "அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள்தானே?" என்றார். அன்றைக்கே நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. சின்ன விஷயத்தில் வாயை மூடிப் பழகியவனுக்குப் பெரிய விஷயம் வரும்போது வாய் லேசில் திறக்காது.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அக்கா என்றே எழுதுகிறேன். ஐம்பது வயது இருக்கும். திருத்தி முடிந்த வண்டிகளை வாடிக்கையாளரிடம் கொடுக்கமுன் உள்ளே கூட்டித் துடைத்துத் தருவது அவருடைய வேலை. ஸ்காபரோவில் தங்கச்சி வீட்டில் இருந்தார். நான் பிக்கரிங்கில் இருந்து வரும் வழியில் அவரை ஏற்றிக்கொண்டு வருவேன், பின்னேரம் கொண்டுபோய் விடுவேன். 401 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் அவர் பேசிக்கொண்டே வருவார். பேச்சு எங்கே தொடங்கினாலும் கணவரிலும் இளைய மகளிலும் வந்து முடியும். அவர்கள் இரண்டு பேரும் கொழும்பில் ஒரு லொட்ஜில் மூன்று வருடமாகக் காத்திருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அக்காவுக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று மனேஜர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை தருவதாக மனேஜர் சொல்லியிருந்தார். அந்தக் கிழமை முடிய அதை அனுப்பாவிட்டால் முழுவதையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் நீங்கள். வக்கூம் பிடித்துவிட்டு முழங்காலில் இருந்து நிலத்தில் விரித்த காப்பெற்றைக் கையால் தடவிப் பார்ப்பார். எங்களுக்கு வண்டியின் கீழ்ப்பக்கம் தெரியும். அவருக்கு உள்பக்கம் விரல் விரலாகத் தெரியும். கடைசியாகச் சாப்பாட்டு மேசைக் கதிரைகள் இரண்டையும் சுவரோடு சேர்த்துப் பட்டியால் கட்டுவார். வண்டியோடு வந்த கொளுக்கியை அவர் நம்புவதில்லை. அதற்கு மேல் தன் கையால் ஒரு முடிச்சும் போடுவார். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கே நகம் வலிக்கும்.

அந்த வண்டி யூனியன்வில்லில் இருந்து வந்தது. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற கட்டட ஒப்பந்தக்காரர். குளிர் தொடங்க முன் மனைவியோடு புளோரிடாவுக்குப் போவதற்கு நின்றார். ஸ்லைட் அறையின் முன் கியர் தேய்ந்திருந்தது. புதன்கிழமை நான் மாற்றினேன். கராஜின் சீமெந்துத் தரையில் வைத்து ஐந்து தரம் வெளியே விட்டு உள்ளே எடுத்தேன். வெண்ணெய் மாதிரிப் போய் வந்தது. கையொப்பமிட்டேன். வண்டியைப் பின் முற்றத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் கவனியுங்கள். கராஜின் தரை மட்டமானது. உள்ளே பாரம் இல்லை. உலகத்தில் எந்த வாடிக்கையாளராவது தன் வண்டியைக் கராஜின் தரையில் நிறுத்தி வைத்துக் குடியிருப்பாரா? ஆனாலும் நாங்கள் எல்லோரும் அங்கேதான் சோதிப்போம். குளிரில் வெளியே போகத் தேவையில்லை, ஐந்து தரமும் சரியாக வரும், மனதுக்கும் சுகம். பின் முற்றமோ மழைத் தண்ணீர் ஓட வேண்டும் என்று சரிவாகப் போடப்பட்டது. அங்கே நின்றால் வண்டியின் சட்டகம் கொஞ்சம் முறுக்கும். அந்த முறுக்கத்தில்தான் எங்கள் வேலையின் வண்டவாளம் தெரியவரும். அதனால்தானோ என்னவோ அங்கே ஒருவரும் சோதிப்பதில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்கா அந்த வண்டியைத் துப்புரவாக்கிவிட்டு என்னிடம் வந்தார். நான் வேறு வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன். அவருடைய சப்பாத்து மட்டும்தான் தெரிந்தது.

"தம்பி, உந்த யூனியன்வில் வண்டியில அறை ஒரு பக்கம் இழுக்குது."

"எப்பிடித் தெரியும் அக்கா?"

"கீழ கூட்டுறதுக்காக வெளியால விட்டுட்டு உள்ள எடுத்தனான். முன் மூலையில காப்பெற் உரஞ்சிப்போய்க் கிடக்கு. பின் மூலையில ஒண்டுமில்லை. ஒருக்கா வந்து பாருமன்."

"நேற்றுத்தான் அக்கா செய்தனான். அஞ்சு தரம் பாத்தனான்."

"பாத்திருப்பீர். இப்ப இழுக்குது."

"அக்கா, நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ. இதை நான் பாக்கிறன்."

சப்பாத்துகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு போய்விட்டன. நான் பார்க்கப் போகவில்லை. தும்புத்தடியால் கூட்டுகிறவர் வந்து கியரைப் பற்றிச் சொல்வதா என்ற எண்ணம்தான். இருபது வருடம் இயந்திரங்களோடு இருந்த எனக்குத் தெரியாததை, முழங்காலில் இருந்து காப்பெற்றைத் தடவிய பெண் கண்டுபிடித்துக் கையில் கொண்டுவந்து தந்திருந்தார். வாங்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சொந்தக்காரரும் மனைவியும் வந்தார்கள். மனேஜர் தானே வண்டியைக் காட்டப் போனார். முற்றத்தில் வண்டி சரிந்தபடியே நின்றது. அதை வண்டிக்குக் கீழே உள்ள யாக்குகளில் தூக்கி மட்டமாக்கிய பிறகுதான் ஸ்லைட்டைத் தொட வேண்டும் என்று கைநூலின் முதல் பக்கத்தில் இருக்கிறது. மனேஜருக்கு எதற்குக் கைநூல்? பொத்தானை அமுக்கி அறையை வெளியே விட்டார், பிறகு உள்ளே எடுக்க மறுபடி அமுக்கினார்.

நான் உள்ளே நின்றேன். மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. ஒரு சத்தம் கேட்டால் விரலை எடுப்பார்கள் என்று நினைப்போம். சத்தம் தொடர்ந்தது. நான் கராஜைக் கடந்து, கதவைத் திறந்து, முற்றத்தின் பாதிக்கு ஓடி வரும் மட்டும் தொடர்ந்தது. வாடிக்கையாளர் முன்னால் கையை எடுத்தால் தோல்வி என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும்.

உள்ளே ஏறினேன். அறையின் முன் மூலை வெளியே நிற்க, பின் மூலை உள்ளே வந்திருந்தது. சுவர் அலுமாரி நெடுக்காகப் பிளந்து, நிலத்தின் ஓரம் கிழிந்து நின்றது. சாப்பாட்டுக் கதிரைகளில் ஒன்று முன் மூலைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. சொந்தக்காரர் பிளந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய மனைவி நடுங்கிப்போய் இறங்கித் தங்கள் காரில் போய் இருந்துவிட்டார்.

மனேஜர் கதிரையைப் பார்த்தார். முகத்தில் உயிர் வந்தது.

"கதிரை இடையில் நின்றிருக்கிறது" என்றார். "துப்புரவு செய்கிறவள் கட்டாமல் விட்டிருக்கிறாள்."

நான் கதிரையைத் தூக்கினேன். அந்த அறையின் பாரம் ஒரு குதிரையின் பாரம். அதற்கு இடையில் அகப்பட்ட கதிரை தீக்குச்சியாகியிருக்கும். இந்தக் கதிரையின் காலில் ஒரு கீறல்கூட இல்லை. வார்னிஷ் அப்படியே பளபளத்தது. அறை குலுங்கியபோது அது விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். வியாழக்கிழமை அக்கா சொன்ன முன் மூலை என் காதில் மறுபடி கேட்டது. காரணம் என் கியர் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். கதிரையை மெதுவாக நிமிர்த்தி வைத்தேன்.

மனேஜர் சொந்தக்காரரைத் தன் கந்தோர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் அக்காவை அங்கே கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் அவர் தன் கோட்டையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கடிதம் பற்றிக் கேட்டபோது, வேலையே இல்லாத ஆளுக்கு என்ன கடிதம் என்று மனேஜர் சொன்னாராம்.

பிறகு என்னைக் கூப்பிட்டு அறிக்கை எழுதச் சொன்னார். சொந்தக்காரருக்கும் காப்புறுதிக்கும் கொடுக்க வேண்டிய படிவம். சேதம் என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். காரணம் என்ற கட்டம் வந்தது. பேனை நின்றது. மனேஜர் என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. உண்மையை எழுதத் துணிவு வரவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையொப்பம் வைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, கேளுங்கள். பொய் எழுதாமல் தப்பிவிட்டேன் என்ற பெருமை. நான் கதவைத் தாண்டமுன் மனேஜர் பேனையை எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பினார். கீழே என் கையொப்பம் இருந்தது.

பிள்ளைகளே, உங்கள் வாழ்க்கையில் அந்தக் கட்டம் பல தடவை வரும். வெறுமையாக விடாதீர்கள். நீங்கள் விட்டால் அது வெறுமையாக இருக்கப்போவதில்லை. வசதியான ஒருவன் வந்து, வசதியில்லாத ஒருத்தியின் பெயரை அதில் எழுதுவான். நீங்கள் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நான் போனேன்.

போனேன் என்றால், அக்காவையும் ஏற்றிக்கொண்டுதான் போனேன். வெள்ளிக்கிழமை நெரிசல். அரை மணி நேரம் அவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து வெளியே பார்த்தபடி வந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"தம்பி, நான் ரண்டு கதிரையும் கட்டித்தான் விட்டனான்."

"ம்."

"முடிச்சும் போட்டனான். நீர் கதிரையைப் பாத்தனீர்தானே?"

"பாத்தனான் அக்கா."

"உடைஞ்சிருந்ததோ?"

நான் கண்ணாடியைப் பார்த்தேன், பக்கத்து லொறியைப் பார்த்தேன். "பாப்பம் அக்கா. திங்கக்கிழமை மனேஜரோட கதைச்சுப் பாப்பம்."

"ஓம்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இறங்கும்போது வழக்கமாக "பாத்துப் போம்" என்பார். அன்றைக்குக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

பாப்பம்! நம் ஆட்களின் வாயில் எவ்வளவு லேசாக வரும் சொல். வேலை கேட்டு வருகிறவனுக்குப் பாப்பம், நியாயம் கேட்டு வருகிறவளுக்கும் பாப்பம். சனியும் ஞாயிறும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூத்த மெக்கானிக் என்ற பெயர் போய்விடும், வீட்டுக் கடன் இருக்கிறது, மகள் சின்னப் பிள்ளை, அக்காவுக்கு வேறு வேலை எங்கேயாவது பார்த்துக் கொடுக்கலாம். எல்லாம் நல்ல நியாயங்கள். ஆனால் வேறு வேலை கிடைத்தாலும் அந்தக் கிழமைக்குள் நிரந்தர வேலை என்று யார் கடிதம் கொடுப்பார்கள்? அந்த இடம் வந்ததும் என் நியாயம் ஒவ்வொன்றும் சறுக்கி விழுந்தது.

திங்கட்கிழமை விடிந்தவுடன் கராஜுக்குப் போனேன். ஒருவரும் வரமுன் வண்டிக்குக் கீழே புகுந்தேன். முன் கியர் ஒரு பல் பின்னால் நின்றது. ஒரேயொரு பல். மட்டத் தரையில் அது தெரியாது. சரிவில் சட்டகம் முறுக்கியதும் முன் பக்கம் பிந்தி, அறை கோணலாகி இறுகிவிடும். நான் பூட்டிய கியர், என் கையின் பிழை. சந்தேகமே இல்லை.

அங்கேயும் ஒரு சோதனை வந்தது. ஸ்பனர் என் கையில் இருக்கிறது. ஒரு பல்லைத் திருப்பி வைக்க ஐந்து நிமிடம் போதும். பிறகு உலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. முதுகுக்குக் கீழே கல் குத்த, மேலே விமானங்கள் இறங்க, நான் அந்த ஐந்து நிமிடத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஸ்பனரைப் போட்டுவிட்டு எழும்பி வந்தது பெரிய வீரம் என்று நினைக்காதீர்கள். காரில் பக்கத்து இருக்கை அன்று வெறுமையாக வந்திருந்தது. அதை இன்னொரு நாள் என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

பத்து மணிக்குச் சொந்தக்காரரும் மனைவியும் வந்தார்கள். காப்புறுதிக்காரர் பின்னேரம் வருவதாக இருந்தது. மனேஜர் வாய் திறக்கமுன் நான் முன்னால் போனேன். என் ஆங்கிலம் அந்த நாளில் முறிந்த ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுவதால் அழகாகத் தெரியும், ஏமாறாதீர்கள்.

"ஐயா, வண்டியைத் திருத்தமுன் ஒரு தரம் உங்களுக்குக் காட்ட வேண்டும்" என்றேன்.

"வேண்டாம், காரணம் தெரியும்தானே" என்றார் மனேஜர்.

"எனக்குத் தெரியும்" என்றேன். "அதைத்தான் காட்டப் போகிறேன்."

கதிரைகள் இரண்டையும் இறக்கி முற்றத்தில் வைத்தேன். அறைக்கு முன்னால் ஒரு தூசிகூட இல்லை என்று சொந்தக்காரரையே பார்க்கச் சொன்னேன். பிறகு பொத்தானை ஒரு கணம் மட்டும் அமுக்கிவிட்டு எடுத்தேன். பின் மூலை நகர்ந்தது. முன் மூலை அசையவில்லை. முனகியது. அளவு நாடாவை எடுத்து நீட்டினேன். அவர் வாழ்நாள் முழுவதும் கட்டடம் கட்டியவர். மூலைமட்டம் என்றால் என்ன என்று அவருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. நாடாவை என் கையில் இருந்து வாங்கித் தானே முன்னுக்கும் பின்னுக்கும் அளந்தார்.

"இது கதிரை செய்த வேலை இல்லை" என்றார்.

"இல்லை. கியரைப் பிழையாகப் பூட்டியிருக்கிறது."

"யார் பூட்டியது?"

"நான்."

மனேஜரின் கழுத்து சிவந்தது. நான் நிறுத்தவில்லை. தொடங்கியபின் நிறுத்த எனக்கே முடியவில்லை. துப்புரவு செய்யும் பெண்மணி வியாழக்கிழமையே இதைக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னார் என்றும், நான் அவரைத் துரத்திவிட்டேன் என்றும் சொன்னேன். வண்டியை மட்டமாக்காமல் பொத்தானை அமுக்கியதும், சத்தம் கேட்ட பின்னும் விரலை எடுக்காததும் என் வேலை இல்லை என்றும் சொன்னேன்.

அப்போதுதான் சொந்தக்காரரின் மனைவி வாய் திறந்தார். "கதிரை கட்டியிருந்ததே" என்றார். மனேஜரைப் பார்த்து, "இவர் வெளியே நின்றபோது, நான் இருப்பதற்காக நீங்கள்தானே அவிழ்த்தீர்கள்? முடிச்சு அவிழவில்லை என்று கத்தியால் வெட்டினீர்கள். பிறகு அறை நகர்வதைப் பார்க்க நான் எழும்பினேன்."

வெள்ளிக்கிழமை அவரிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. காரில் இருக்க விட்டுவிட்டு ஆண்கள் மூன்று பேர் காரணம் கண்டுபிடித்தோம். துப்புரவு செய்த பெண்ணையும் கேட்கவில்லை, கதிரையில் இருந்த பெண்ணையும் கேட்கவில்லை. தெரியாத ஒருவரும், தெரிந்தே பொய் சொன்ன ஒருவரும், தெரிந்தும் சொல்லாத நானும் கூடித் தீர்ப்பு எழுதினோம். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

"நீங்கள் நிறுத்திய அந்தப் பெண் இப்போது எங்கே?" என்று சொந்தக்காரர் கேட்டார். அது உள்வீட்டு விஷயம் என்றார் மனேஜர். உள்வீட்டு விஷயம்! வேலையை விட்டு நிறுத்தியபோது வாடிக்கையாளர் முன்னால் பெயர் சொல்லி நிறுத்தத் தெரிந்தது. அவர் கந்தோருக்குப் போகும்வரை பொறுத்து, பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். காரணக் கட்டத்தில் நானே எழுதிய புது அறிக்கை என் கையில் இருந்தது. அக்காவைத் திருப்பி எடுத்து, அவருடைய கடிதத்தை இன்றைக்கே தராவிட்டால், பின்னேரம் வரும் காப்புறுதிக்காரரிடம் இதை நானே கொடுத்து, பழைய அறிக்கையில் என் கையொப்பத்துக்கு மேலே எழுதியது யார் என்றும் சொல்வேன் என்றேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கடிதத்தை எழுதினார். புது அறிக்கையையும் வாங்கி, பழையதைக் கிழித்தார். அடுத்த கிழமை என் சட்டையில் இருந்த மூத்த மெக்கானிக் என்ற பட்டி போய்விட்டது. இரண்டு வருடம் எண்ணெய் மாற்றினேன். பிழை என்னுடையது, அதில் எனக்கு வழக்கு இல்லை.

கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காவின் கணவரும் மகளும் அடுத்த கோடைக்கு முன் வந்து இறங்கினார்கள். ஆக, எல்லாம் நல்லபடி முடிந்தது, அண்ணை நல்ல மனுசன் என்று நீங்கள் எழும்பிப் போகலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் வரைக்கும்.

வேலை முடிந்து கடிதத்தோடு நேரே ஸ்காபரோவுக்குப் போனேன். ஏழாவது மாடி. அக்கா கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னதையும் சொன்னேன்.

"எப்பிடித் தந்தவன்?" என்று கேட்டார்.

"நான் சொன்னனான் அக்கா, பிழை என்ரை எண்டு. எல்லாருக்கும் முன்னால சொன்னனான்."

"உமக்கு எப்ப தெரியும்?"

"இண்டைக்குக் காலமை கீழ பூந்து பாத்தனான்."

"கதிரையை வெள்ளிக்கிழமை தூக்கிப் பாத்தனீரெல்லே?"

"ஓம்."

"அப்ப வெள்ளிக்கிழமையே தெரியும்."

அவர் மேசையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த தாள். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் யாரோ பிள்ளை வட்ட வட்டமாக எழுதியிருந்தது. ஐ ஆம் வெரி சொறி சேர். ஐ டிட் நொட் டை த செயர். பிளீஸ் கிவ் மை ஜொப்.

"தங்கச்சியின்ரை மகள் எழுதித் தந்தவள்" என்றார். "சனி ஞாயிறு ரண்டு நாளும் பாடமாக்கினனான். கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பாத்தனான். அழாமல் சொல்லவேணுமெண்டு பழகினனான். கட்டின கதிரையைக் கட்டேல்லையெண்டு சொல்லி மன்னிப்புக் கேக்கிறது லேசில்லை, தம்பி. நாளைக்குக் காலமை பஸ்ஸில போய்ச் சொல்லுறதுக்கு இருந்தனான்."

தாளைத் திருப்பிக் கொடுக்க நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான் கதவடியில் தொப்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் நிக்கிறீர்? நான் நன்றி சொல்லுவனெண்டோ?"

"இல்லை அக்கா" என்றேன். அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.